டிக்கெட் வாங்கிக் காப்பாற்றிய மாடுகள்

லெஸ்லி ஹென்சன் இங்கிலாந்தின் புகழ் பெற்ற நகைச்சுவை நடிகர். அவர் மகன் ஜோ மேடைப் பக்கம் போகாமல் விவசாயத்துக்குப் போனார். ஆனால் ரத்தத்தில் இருந்த மேடை விடவில்லை என்று தான் சொல்ல வேண்டும்!

1962ல் ஜோ, நண்பர் ஒருவரோடு சேர்ந்து, காட்ஸ்வோல்ட் மலைப்பகுதியில் பெம்பரோ பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே அவர் கண்ணை உறுத்தியது, நாட்டு இனங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. காரணம் எளிது. கருப்பு வெள்ளை ஃப்ரீசியன் மாடு அதிகம் பால் கறந்தது. எனவே மற்ற மாடுகள் "லாபம் இல்லாதவை" ஆயின. பன்றிக் கொழுப்புக்கு மவுசு போனதும் லிங்கன்ஷயரின் சுருட்டை முடிப் பன்றி 1970களின் தொடக்கத்தில் அடியோடு அழிந்தது. க்ளாஸ்டர் மாட்டின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். டபுள் க்ளாஸ்டர் சீஸைக் கொடுத்த மாடு அது. எட்வர்ட் ஜென்னர் 1796ல் அம்மை குத்தும் முறையைக் கண்டுபிடிக்கக் காரணமான பிளாசம் என்ற பசுவும் இதே இனம் தான் என்பார்கள். அப்பேர்ப்பட்ட இனத்தின் கடைசிப் பெரிய மந்தை 1972ல் ஏலத்துக்கு வந்தது! நல்லவேளை, ஆர்வலர்கள் வாங்கி, மறுவருடமே க்ளாஸ்டர் மாட்டுச் சங்கத்துக்குப் புத்துயிர் கொடுத்தார்கள்.

இந்த மாதிரி விலங்குகளை வளர்த்தால் தீவனச் செலவு உண்டு, வரவு இல்லை. குத்தகைப் பணம் வேறு கட்ட வேண்டும். ஜோ என்ன செய்தார்? பாலுக்கும் இறைச்சிக்கும் விலை இல்லை என்றால் பார்வைக்கு விலை வைப்போம் என்று 1971ல் காட்ஸ்வோல்ட் ஃபார்ம் பார்க்கைத் திறந்தார். நுழைவுச் சீட்டு வாங்கி ஆடு, மாடு, பன்றி பார்க்க யார் வருவார்கள் என்று தோன்றலாம். ஜனங்கள் வந்தார்கள்! 1973ல் அரிய இனங்களைக் காக்கும் அறக்கட்டளை உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1900க்கும் 1973க்கும் இடையே பிரிட்டன் இழந்த இனங்கள் 26 என்பது அந்த அறக்கட்டளையின் கணக்கு.

பிபிசியின் "அனிமல் மேஜிக்" நிகழ்ச்சியில் ஜானி மோரிஸோடு ஜோவும் தோன்றினார். நடிகரின் மகன் அல்லவா, கேமரா பயம் இருந்திருக்காது. தொலைக்காட்சியில் மாட்டைப் பார்த்தவன் பண்ணைக்கு வருவான், வந்தவன் டிக்கெட் வாங்குவான், டிக்கெட் காசு மாட்டுக்குத் தீவனமாகும். எந்த விளம்பரக் கம்பெனியும் இதைவிட நன்றாக யோசித்திருக்க முடியாது...

1999ல் பண்ணை ஜோவின் மகன் ஆடமிடமும் அவருடைய கூட்டாளியிடமும் வந்தது. இரண்டே வருடத்தில் பேரிடி. 2001ல் பிரிட்டனைக் கோமாரி நோய் தாக்கியது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. நாடெங்கும் பண்ணைகள் பார்வையாளர்களுக்குக் கதவைச் சாத்தின. சில நூறு மட்டுமே மிஞ்சிய ஓர் இனத்துக்கு நோய் ஒரு மந்தையில் புகுந்தாலே போதும். டிக்கெட்டை நம்பிய வியாபாரத்துக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டாம்.

அதே 2001ல் பிபிசியின் "கண்ட்ரிஃபைல்" நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளர் தேடினார்கள். போட்டியில் ஆடம் வென்றார். அதன் பிறகு கேமராவே அவர் பண்ணைக்கு வந்தது. ஜோ 2015ல் மறைந்தபோது மகன் அப்பாவை விடப் பிரபலமாகியிருந்தார்.