பெரும்பான்மை என்றால் எத்தனை பேர்? அமெரிக்கத் தேர்தலும் சட்டமியற்றலும்

அமெரிக்க அரசமைப்பு பெரும்பான்மைக்கு ஒரே அளவை வகுக்கவில்லை. யாருடைய வாக்கு எங்கே எண்ணப்படுகிறது என்பதைப் பொறுத்தே முடிவு அமைகிறது.

குடியரசுத் தலைவர் தேர்தல்

தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் 538 தேர்வாளர்கள். வெற்றிக்கு 270 பேரின் ஆதரவு வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா நீங்கலான 48 மாநிலங்களில், முதலிடம் பெறுபவருக்கே அம்மாநிலத் தேர்வாளர்கள் அனைவரும் உரியவர். எனவேதான் 2016-இல் ஹிலாரி கிளின்டன் சுமார் 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார்.

இம்முறையின் பிறப்பில் அடிமைமுறையின் தடம் உண்டு. 1787-இல் எழுதப்பட்ட அரசமைப்பு, பிரதிநிதிகள் அவையின் இடங்களைப் பங்கிடுகையில் அடிமைப்படுத்தப்பட்ட ஐவரை மூவராகக் கணக்கிட்டது. அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் அவர்களது தலைக்கணக்கு, அடிமை உடைமையாளர்களின் மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்களையும் தேர்வாளர்களையும் ஈட்டித் தந்தது.

சட்டமியற்றல்

மசோதா நிறைவேற இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை போதும். தலைவரின் வீட்டோவை முறியடிக்க இரண்டிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவை. காங்கிரஸ் முன்மொழியும் அரசமைப்புத் திருத்தத்திற்கு அதே அளவோடு 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும்.

செனட்டில் மாநிலத்துக்கு இருவர். ஆறு லட்சம் மக்கள்கூட இல்லாத வயோமிங்கும், ஏறத்தாழ 3.9 கோடி மக்கள் வாழும் கலிஃபோர்னியாவும் அங்கே சமம். அதற்கு மேல் ‘ஃபிலிபஸ்டர்’ எனும் தடுப்புப் பேச்சு. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்ல, இன்று பெரும்பாலான மசோதாக்களுக்கு 100-இல் 60 பேரின் ஆதரவு தேவை. இந்த விதி அரசமைப்பில் இல்லை. செனட் தானே வகுத்துக்கொண்டது.

தடுத்தவர் யார்?

கும்பல் படுகொலைக்கு எதிரான டயர் மசோதா 1922-இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. தென்மாநில செனட்டர்கள் தடுப்புப் பேச்சால் அதை வீழ்த்தினர். எம்மெட் டில் பெயரில் அத்தகைய கூட்டாட்சிச் சட்டம் வர 2022 ஆயிற்று. 1964-இன் குடிமை உரிமைகள் சட்டமும், விவாதத்தை முடிக்க அன்று தேவைப்பட்ட மூன்றில் இரு பங்கை 71–29 எனத் தாண்டிய பின்னரே நிறைவேறியது.

இத்தகைய விதிகளைச் சிறுபான்மையினரின் பாதுகாப்பு என்று சொல்பவர்கள் உண்டு. வரலாற்றில் அவை காத்தது அதிகாரம் வாய்ந்த சிறுபான்மையை. ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களை அல்ல. ஆகவே ஒரு மசோதாவின் கதையைப் படிக்கையில், எத்தனை பேர் ஆதரித்தனர் என்பதோடு, அதைத் தடுக்க எத்தனை பேர் போதுமாயிருந்தனர் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.