0.771

இடஒதுக்கீடு என்றதும் "மெரிட் ரத்தத்தில் வருவது" என்பவர்கள் ஏதாவது ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். அந்த வாதத்தின் பழைய வேர்களில் ஒன்று லண்டனில் இருக்கிறது.

சிரில் பர்ட், சர் பட்டம் பெற்ற உளவியலாளர். தனித்தனியே வளர்ந்த ஒத்த இரட்டையர்களின் ஐ.க்யூ.வை ஒப்பிட்டார். 1955இல் 21 ஜோடி, 1966இல் 53 ஜோடி. குழுத் தேர்வில் ஒட்டுறவுக் கெழு இரண்டு முறையும் 0.771. ஆட்கள் இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் மூன்றாம் தசமம்கூட அசையவில்லை! (புள்ளியியல் படிக்கும் தோழர்கள் சிரிப்பார்கள்.)

பல ஆண்டுகள் இது யாரையும் உறுத்தவில்லை. 1969இல் ஆர்தர் ஜென்சன், கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளின் ஐ.க்யூ. இடைவெளிக்கு மரபணுவும் காரணமாக இருக்கலாம் என்று எழுதியபோது பர்ட்டின் எண்களும் துணைக்கு வந்தன.

பர்ட் 1971இல் இறந்தார். பிறகுதான் லியான் காமின் மூலக் கட்டுரைகளை வரிவரியாகப் படித்தார். எந்தத் தேர்வு, யார் நடத்தியது, எப்போது? தெளிவாக எதுவும் இல்லை. சரிபார்க்க மூலத் தரவும் இல்லை. மோசடியா, அலட்சியமா என்று இன்னும் வாதிடுகிறார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி.

பின்னாளில் மற்றவர்களின் இரட்டையர் ஆய்வுகளும் நெருங்கிய எண்களைத் தந்தன, உண்மைதான். ஆனால் அவை பர்ட்டின் தரவுக்குச் சாட்சியாகாது. இரு சமூகங்களுக்கு இடையிலான இடைவெளியையும் விளக்காது.

1974இல் ஜென்சனே பர்ட்டின் எண்கள் கருதுகோளைச் சோதிக்கப் பயன்படாது என்று எழுதினார். அதற்குள் அவருடைய 1969 கட்டுரை ஊரெல்லாம் சுற்றிவிட்டது.