வீட்டில் தோட்டா நிரப்புதல்: இரண்டாவது இயந்திரம் எதற்கு?

துவக்கு என்றதும் எம்மவருக்கு நினைவில் வருவது போர். அதற்கு முன்னர் வன்னியில் இடியன் துவக்கு இருந்தது. மருந்தைக் கொட்டி, தக்கை வைத்து இடித்து, சன்னம் போட்டு, கேப் வைத்துச் சுடுவார்கள். ஒவ்வொரு வெடிக்கும் சுடுபவரே மருந்து அளந்தார். அந்த வேலை இன்றும் உலகின் பல வீடுகளில், வேறு வடிவில், விளையாட்டுக்காக நடக்கிறது. இலண்டனில் வசித்துக்கொண்டு அதைச் செய்பவன் என்ற முறையில், அதில் ஒரு சிறு கேள்வியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: தோட்டா நிரப்பும் இயந்திரம் ஒன்று இருக்க, இரண்டாவது எதற்கு? எதைத் தேர்வது?

முதலில் களம். பிரித்தானியத் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1859இல் தொடங்கியது. 1860 முதல் விம்பிள்டன் பொதுவெளியில் போட்டிகளை நடத்தி, 1890இல் சரே மாவட்டத்தின் பிஸ்லிக்கு இடம்பெயர்ந்தது. வாட்டர்லூவில் இரயிலேறி புரூக்வுட்டில் இறங்கினால் பிஸ்லி பக்கம்தான். 1996இல் டன்பிளேன் பள்ளியில் நடந்த கொலைகளுக்குப் பின், 1997இல் வந்த சட்டங்கள் பிரித்தானியாவில் கைத்துப்பாக்கிகளை, சில விலக்குகள் தவிர, தடை செய்தன. கைத்துப்பாக்கிக்கெனப் பிறந்த தோட்டாக்கள் மட்டும் மறையவில்லை. .38 ஸ்பெஷல், .357 மேக்னம், .44 மேக்னம் ஆகியவற்றை நெம்புகோல் வைத்த நீளத் துப்பாக்கிகளில் சுடுகிறோம். இதற்கு 'கேலரி ரைபிள்' என்று பெயர். இதில் '1500' என்ற போட்டிக்கு மட்டும் 150 தோட்டா வேண்டும். பயிற்சியையும் சேர்த்தால் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது. ஆகவேதான் வீட்டில் நிரப்புகிறோம்.

தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள்: பித்தளைக் கோது, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கோது மட்டுமே. அதைப் பழைய அளவுக்கு அமுக்கி, புதுப் பிரைமர் பொருத்தி, மருந்திட்டு, குண்டை இருத்தி, வாயை இறுக்க வேண்டும். சாதாரண பிரஸ்ஸில் ஒரு தடவைக்கு ஒரு வேலை. புரோகிரசிவ் பிரஸ்ஸில் வட்டத்தட்டு ஒன்று கோதுகளை நிலையம் நிலையமாக நகர்த்துகிறது. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா நிலையங்களிலும் வேலை நடந்து, ஒரு முழுத் தோட்டா வெளியே விழும்.

என் முதல் இயந்திரம் டில்லன் 550. நான்கு நிலையங்கள், தட்டைக் கையால்தான் திருப்ப வேண்டும். .38க்குச் சிறிய பிரைமர், .44க்குப் பெரியது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற, பிரைமர் ஊட்டும் பகுதி, கோதுத் தட்டு, அச்சுகள், மருந்தளவு எல்லாவற்றையும் மாற்றிச் சரிபார்க்க வேண்டும். மாற்றும் ஒவ்வொரு முறையும் அளவு தவறும் வாய்ப்புத் திறக்கிறது. இரண்டாவது இயந்திரத்திற்கான முதல் நியாயம் இதுதான்.

அமெரிக்கர் எழுதும் மதிப்பீடுகளில் முதல் கேள்வி, மணிக்கு எத்தனை தோட்டா என்பது. இலண்டனில் அந்தக் கேள்வி அவ்வளவு பொருந்தாது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தரப்படும் சான்றிதழிலேயே ஒருவர் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்று எழுதியிருக்கும். வீட்டில் நிரப்பியதும் அந்தக் கணக்கில்தான் சேரும். பிரைமர் வாங்கவும் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்றிதழைக் காட்ட வேண்டும். அனுமதித்த அளவுக்கு மேல் தோட்டா செய்யும் நோக்கில் உறுப்புகளை வைத்திருப்பதையே 2023ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. கணக்குக்கு எல்லை இருக்கும்போது வேகத்துக்கு என்ன மதிப்பு?

மதிப்புள்ளது காவல். .38 ஸ்பெஷல் கரும்பொடிக் காலத்து அளவை ஒட்டிப் பிறந்த கோது. உள்ளே இடம் அதிகம். இன்றைய புகையிலா மருந்து அதில் ஒரு மூலையை மட்டுமே நிரப்பும். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, கண்ணுக்கும் எளிதில் படாது. சுடும்போது துப்பாக்கி வெடிக்கலாம். மருந்தே விழாவிட்டால் இன்னொரு ஆபத்து. பிரைமரின் பலத்தில் குண்டு குழலுக்குள் நுழைந்து நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். நீளக் குழலில் உராய்வு கூடுதல் என்பதால், மருந்து குறைந்தாலும் குண்டு சிக்கக்கூடும்.

கையால் தட்டைத் திருப்பும் இயந்திரத்தில், திருப்ப மறந்து இருமுறை இழுத்தால் ஒரே கோதில் இருமுறை மருந்து விழும். தானாகத் திரும்புவதில் அந்த மறதிக்கு இடமில்லை. ஆனால் இடையில் தடங்கல் வந்து, தட்டில் இருப்பதை எடுத்துத் திரும்ப வைக்கும்போது அதிலும் குழப்பம் வரலாம். எனவே ஐந்தாவது நிலையம் முக்கியம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே, மருந்தின் உயரத்தைப் பார்க்கும் சோதனை அச்சை அங்கே பொருத்தலாம். ஹோர்னடியின் அச்சில் ஒரு கம்பி உயர்ந்து காட்டும். கண்ணால் பார்க்க வேண்டும். ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் அச்சு, மருந்து இல்லாவிட்டாலோ இரட்டித்தாலோ இயந்திரத்தையே நிறுத்திவிடும். சிறு வேறுபாடுகளை அது பிடிக்காது, அதற்குத் தராசுதான்.

ஐந்து நிலையங்களோடு தானாகத் திரும்புபவற்றில் ஹோர்னடி லாக்-என்-லோட் ஏபி, டில்லன் எக்ஸ்எல் 750 இரண்டையும் ஒப்பிட்டேன். ஒரே நிறுவனம் என்பதால் 550இன் பாகங்கள் 750க்குப் பொருந்தும் என்று எண்ணக்கூடாது. மருந்தளவி பொருந்தும், அச்சுத்தலையும் கோதுத் தட்டும் பொருந்தா. டில்லனின் ஸ்குவேர் டீல் பி சிறியது, ஆனால் தனக்கென்றே செய்த அச்சுகளைக் கேட்கும். மற்ற இரண்டும் பொது அளவு அச்சுகளை ஏற்கும். நான் ஹோர்னடியை எடுத்து, ஆர்சிபிஎஸ் அச்சோடு .38க்கு ஒதுக்கினேன். 550 நிரந்தரமாக .44க்கு. இரண்டிலும் இனி பிரைமர் மாற்றமில்லை.

இதே வழியில் இறங்குபவருக்குச் சில சொற்கள். மேசையில் ஒரு வேளைக்கு ஒரு மருந்துப் புட்டி மட்டும் இருக்கட்டும். கண்ணாடி அணியுங்கள். ஈயம் கையில் ஒட்டும். சமையலறை இதற்கு இடமல்ல. சுடுகளத்தில் வெடியின் ஓசை மெலிந்து கேட்டால், போட்டி போனாலும் போகட்டும், நிறுத்திக் குழலைப் பாருங்கள். இடியன் துவக்குக்காரர் ஒரு வெடிக்கு ஒருமுறை மருந்தளந்தார். கவனம் தானாகவே வந்தது. இயந்திரம் கையை வேகமாக்கிவிட்டது. ஆகவே கவனத்தைக் காப்பாற்றும் இயந்திரத்தையே இரண்டாவதாகத் தேர்ந்தெடுங்கள்.