உரத்த இசையின் வரலாறு

எழுத்தோசைகளின் இயல்பைக் கூறவந்த நன்னூலார், எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் முயற்சிகளால் அவை தம்முள் சிறிது வேறுபடும் என்றார். ஏற்றிச் சொல்வதும், இறக்கிச் சொல்வதும், இடைப்பட நிறுத்திச் சொல்வதும் பேச்சுக்கே வேண்டுவன ஆயின், இசைக்கு அவை உயிராதல் சொல்லாமலே விளங்கும். ஆயினும், எடுத்தல் ஒன்றையே போற்றி ஏனையவற்றைத் தள்ளிவிடும் ஒரு போட்டி சென்ற நூற்றாண்டின் இசைத்தட்டுத் தொழிலில் எழுந்தது. அது எவ்வாறு பிறந்தது, எவ்வாறு தளர்ந்தது, நம் தமிழ்த் திரைப்படத்தை எவ்வாறு வந்து பற்றியது என்பதை ஈண்டுக் காண்போம்.

மின்விசை இசையைத் தொடுவதற்கு முன், குரலின் எல்லையே இசையின் எல்லையாயிருந்தது. நாடக மேடையில் பாடியவர் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்குமாறு பாட வேண்டியிருந்தது. எஸ். ஜி. கிட்டப்பாவின் உச்சக் குரல் நாடறிந்த புகழ் பெற்றதற்கு அவருடைய ஞானமும் இனிமையும் மட்டுமன்றி, அந்தக் காலத்தின் தேவையும் ஒரு காரணம் எனலாம். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டு பதிவானபோது மைக்ரோபோன் இல்லை. கூம்பு வடிவான குழலின் வாயருகே நின்று உரக்கப் பாடினாலன்றி மெழுகுத்தட்டில் ஊசி கோடு கீறாது.

உரத்துப் பாடாதவருக்கு அந்நாளில் சிற்றவையே புகலிடம். வீணை தனம்மாள் சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது, வந்திருந்த வித்துவான்கள் மூச்சொலியும் கேளாதவாறு அமர்ந்திருந்தனர் என்பர். மென்மையான வாசிப்பு அவையையும் மென்மையாக்கிற்று.

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டியுள்ள நவராத்திரி மண்டபமும் இத்தகைய மரபைச் சேர்ந்ததே. ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து, அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து, சரசுவதி தேவியின் திருவுருவம் இங்கு எழுந்தருளும். அது கம்பர் வழிபட்ட உருவம் என்பது செவிவழிச் செய்தி. ஒன்பது இரவுகளும் சுவாதித் திருநாள் மகாராசாவின் கீர்த்தனங்கள் ஒலிக்கும். அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. நாதம் செம்மையாகப் பரவும் பொருட்டு மண்பானைகளைக் கூரையிலிருந்து கவிழ்த்துத் தொங்கவிட்டுள்ளனர். ஒலியைப் பெருக்குவதினும் ஒலிக்கு இடங்கொடுப்பதே முன்னோர் கருத்து என்பதற்கு இம்மண்டபம் ஒரு சான்று.

1925-இல் மின்முறை ஒலிப்பதிவு வழக்கிற்கு வந்தது. விந்தை என்னவெனில், மின்விசை முதலில் தந்த வரம் உரப்பு அன்று, மென்மையே. மைக்ரோபோன் முன் நின்று பாடுவோர் கூவ வேண்டிய தேவை நீங்கியது. தாழ்ந்த சுருதியும், நுண்ணிய அசைவும், மெல்லிய முனகலும் அரங்கேறின. கருவி இவ்வாறு தந்ததைப் பின்னாளில் வாணிகம் பறித்துக்கொண்டது.

பாட்டைப் பதிவு செய்து கலந்தபின், தட்டு அச்சாகும் முன் செய்யும் இறுதிச் செப்பத்திற்கு மாஸ்டரிங் என்று பெயர். 1950-களில் அமெரிக்க உணவு விடுதிகளில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகள் இருந்தன. பெட்டியின் ஒலியளவை உரிமையாளர் ஒரே நிலையில் வைத்துவிடுவார். எனவே அடுத்த தட்டைவிடச் சற்று உரத்து ஒலிக்கும் தட்டே செவியைக் கவரும் என்று வெளியீட்டாளர் கருதினர். இரு பதிவுகள் மற்றெல்லாவற்றாலும் ஒத்திருப்பினும், சிறிது உரத்ததையே நல்லது என்று செவி முதலில் தேரும். போட்டியின் வித்து இதுவே. ஆனால் அந்நாளில் இயற்கையே அதற்கு அணையிட்டது. ஒலி உரத்தால் தட்டின் வரிப்பள்ளம் அகலும். பள்ளம் அகன்றால் பாடும் நேரம் குறையும். மிகையானால் ஊசி துள்ளிவிடும்.

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு இவ்வணையை நீக்கியது. ஏறத்தாழ 96 டெசிபெல் வீச்சு அதற்கு உண்டு. மெல்லிசைக்கும் பேரொலிக்கும் இடையே இத்துணை இடைவெளி அதற்குமுன் எந்தத் தட்டிலும் கிடைத்ததில்லை. அதைப் பயன்படுத்துவதற்கு மாறாக, 1990-களில் தொழிலுலகம் அதைச் சுருக்கத் தலைப்பட்டது. குறுந்தட்டில் ஒலி தாண்டமுடியாத உச்சம் ஒன்று உண்டு. உச்சத்தை உயர்த்த இயலாதாகவே, தாழ்ந்த ஒலிகளை மேலே தள்ளினர். மேலோங்கிய முகடுகளை நறுக்கினர். மலையும் பள்ளத்தாக்கும் மேட்டுச் சமவெளி ஆயின. மத்தளத்தின் அடியில் அதிர்வு இல்லை. பாடகர் குரல் தாழ்த்தினாலும் ஒலி தாழ்வதில்லை.

2008-இல் மெட்டாலிக்கா குழுவின் ‘டெத் மேக்னெட்டிக்’ வெளிவந்தபோது கேட்போரே கிளர்ந்தனர். அதே பாடல்கள் ஒரு கணினி விளையாட்டில் இவ்வளவு நெருக்கப்படாமல் இடம்பெற்றிருந்தமையால், இரண்டையும் ஒப்பிட்டுக் குறை காண எவருக்கும் எளிதாயிற்று. மீண்டும் செப்பம் செய்து தருமாறு 10,000-க்கு மேற்பட்டோர் விண்ணப்பத்தில் ஒப்பமிட்டனர். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனோ, தம் கைக்கு வந்தபோதே அது நெருக்கப்பட்டிருந்தது என்றார். யாவரும் கூவும் சந்தையில், முதலில் கூவியவர் யார் என்று காண்பது அரிது.

இதற்கு மருந்து இரசனையிலிருந்து வரவில்லை, அளவுகோலிலிருந்து வந்தது. உச்சத்தை அளப்பதை விடுத்து, செவி உணரும் சராசரி உரப்பை அளக்கும் முறையைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வகுத்தது. 2010-இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் அம்முறையில் தன் உறுப்பு நிலையங்களுக்கு ஒரு பொது அளவைப் பரிந்துரைத்தது. நம் நாட்டிலும் விளம்பரங்களின் ஒலி மிகையாகாது இருத்தல் வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் உண்டு. இணையவழிப் பாடற் சேவைகளும் பாடல்களை ஏறத்தாழ ஒரே உரப்பில் வழங்கத் தொடங்கின. அங்கே நெருக்கிய பாட்டு தாழ்த்தப்படுகிறது. கூவியவருக்குக் கூலி இல்லை என்றாயிற்று.

திரையரங்கிலோ நிலை வேறு. அரங்கின் ஒலிக்கருவியில் 7 என்னும் எண்ணே நியமமான அளவு. படத்தைக் கலப்பவரும் அதே அளவில் கேட்டே கலக்க வேண்டும். படம் உரத்தது என்று மக்கள் முறையிட, அரங்கினர் 5-க்கோ அதற்குக் கீழோ குறைப்பர். அதனையறிந்த படக்குழுவினர் அடுத்த படத்தை இன்னும் உரக்கக் கலப்பர். இருவரும் ஒருவரையொருவர் திருத்தும் முயற்சியில், இடர்ப்படுவது பார்ப்பவர் செவி.

2024 நவம்பர் 14-இல் ‘கங்குவா’ வெளிவந்தபோது இவ்விடர் ஊரறிந்ததாயிற்று. பேரிரைச்சல் என்று பார்த்தவர் குறைகூறவே, ஒலியை இரண்டு புள்ளி குறைக்குமாறு அரங்குகளுக்குச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் அறிவித்தார். அப்போது குரல் கொடுத்தவர் ரசூல் பூக்குட்டி. கொல்லம் மாவட்டத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று, பின் பூனேயில் ஒலிப்பதிவு கற்று, 2009-இல் ஆஸ்கார் பெற்றவர். 2025-இல் இந்நகரிலுள்ள கேரள மாநிலச் சலச்சித்திர அகாதமியின் தலைவராக நியமிக்கப்பட்டவரும் அவரே. கலைத்தொழில் உரப்புப் போரில் சிக்கிவிட்டதென வருந்திய அவர், பழி கலந்தவருடையதா, கடைசி நேர அச்சத்தால் மாற்றங்களைச் சுமத்துவோருடையதா என்று வினவினார். தலைவலியோடு வெளியேறுபவர் மறுமுறை படம் பார்க்க வாரார் என்றும் நினைவூட்டினார்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு ஊரின் ஒலி பெரும்பாலும் பதிவின் வழியாகவே வந்துசேர்கிறது. வீணையில் ஒரு தந்தியை மீட்டியபின் தேய்ந்துசெல்லும் நாதமும், பாடகர் நிறுத்தும்போது தனித்துக் கேட்கும் தம்பூராவும், மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்காரமும், நெருக்கிய பதிவில் முதலில் அடிபடுவன. அரங்கில் கேளாத பிள்ளைகளுக்கோ அந்தப் பதிவே இசை. உரப்பு வேண்டின் ஒலிபெருக்கியின் திருகைத் திருப்பிக் கூட்டிக்கொள்ளலாம். அது கேட்பவர் கையில் உள்ளது. நறுக்கிய முகட்டையும் தூர்த்த பள்ளத்தையும் மீட்டுத் தரும் திருகு எந்தப் பெட்டியிலும் இல்லை. ஆதலால் எடுத்தலோடு படுத்தலையும் நலிதலையும் காக்கும் பொறுப்பு, பதிவு செய்பவர் கையிலேயே இருக்கிறது.