மாடி வீட்டில் ஒரு மரப்பொம்மை

சினிமாவில் குங்ஃபூ ஆசான் இப் மேன் ஜப்பானியத் தளபதியைப் புரட்டி எடுக்கிறார். அது கற்பனை. 1893இல் சீனாவின் ஃபோஷானில் வசதியான குடும்பத்தில் பிறந்த நிஜ இப் மேன், அந்த ஊரில் போலீஸ் வேலை பார்த்தவர். விங் சுன் என்ற தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க வேண்டிய நிலை ஐம்பது வயதைத் தாண்டியபிறகுதான் வந்தது.

சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடிக்க, அவர் ஹாங்காங் சேர்ந்தார். 1950இல் உணவக ஊழியர்களின் தொழிற்சங்கத்தில் வகுப்பு தொடங்கியது.

ஃபோஷானில் பயிற்சிக்கான மரப்பொம்மையை மண்ணில் நட்டுவைப்பார்கள். ஹாங்காங் அடுக்குமாடியில் மண்ணுக்கு எங்கே போவது? மூன்று கை, ஒரு கால் கொண்ட அந்தக் கட்டையை, சுவரோரச் சட்டத்தின் குறுக்குப் பட்டைகளில் தொங்கவிட்டார்கள். அடித்தால் பட்டை வளையும். கட்டை துள்ளித் திரும்பும். இடநெருக்கடி தந்த இந்த வடிவம்தான் இன்று உலகமெங்கும் புழங்குகிறது.

1950களில் இப் மேனிடம் வந்து சேர்ந்த பதின்வயதுப் பையன் புரூஸ் லீ. குருவின் பெயர் கடல் கடந்ததில் அவர் பங்கு பெரிது. ஆனாலும் கலையைக் கட்டிக் காத்தவர்கள், பெயர் தெரியாத மற்ற மாணவர்கள்தான்.

1972 டிசம்பரில் இப் மேன் காலமானார். அதற்குச் சற்று முன், நோயால் மெலிந்திருந்த நிலையிலும், 8 மி.மீ. கேமரா முன் நின்று பயிற்சி முறைகளைச் செய்துகாட்டினார். எந்த அசைவு சரி என்று சீடர் பரம்பரைகளுக்குள் சண்டை மூண்டால், இன்றும் அந்தப் படத்தைத்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள்.