கிராபிக்ஸ் கார்டு தெரியவில்லையா? ஒரு பழைய கதை

"புதுசா கிராபிக்ஸ் கார்டு போட்டேன் சார், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது." ஓய்வு பெற்ற பிறகு தெருவில் அடிக்கடி என் காதில் விழும் புகார் இது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். ஒரு கம்ப்யூட்டர் தன் உடம்பில் செருகப்பட்ட கார்டை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது என்பதற்குப் பின்னால் நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. அது தெரிந்தால் கோளாறை எங்கே தேடுவது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. திரைக்காக இரண்டு வகைக் கார்டுகள் விற்றார்கள். ஒன்று வெறும் எழுத்துகளை மட்டும் காட்டும் மோனோகுரோம் கார்டு. அதன் நினைவகம் 4 கிலோபைட். இன்னொன்று வண்ணப் படமும் காட்டும் சி.ஜி.ஏ. கார்டு, அதற்கு 16 கிலோபைட். இதில் எது செருகப்பட்டிருக்கிறது என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். மதர்போர்டில் குட்டிக் குட்டியாக ஒரு வரிசை சுவிட்ச் இருக்கும். அதில் 5, 6-ஆம் சுவிட்சுகளைக் கார்டுக்கு ஏற்றபடி மேலும் கீழும் தள்ளி வைக்க வேண்டும். பேனா முனையால் தள்ளுவார்கள். அதாவது அடையாளம் காணும் பொறுப்பு முழுவதும் மனிதனுடையது.

இங்கே ஒரு சுவையான கிளைக்கதை. மோனோகுரோம் கார்டில் எழுத்து வடிவங்கள் சிப்பிலேயே பதிக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தவிர வேறு எழுத்து திரையில் வராது. தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல் என்பவர் தன் ஆராய்ச்சிக் கட்டுரையைத் தாய் மொழி எழுத்தில் தட்டச்சு செய்ய விரும்பி, 1982-ல் தானே ஒரு கார்டை வடிவமைத்தார். அதுதான் ஹெர்குலிஸ் கார்டு. குறுக்கே 720, நெடுக்கே 348 புள்ளிகள். மோனோகுரோம் திரையில் படமும் வந்தது, எந்த மொழி எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரையவும் முடிந்தது. தமிழும் அதே சிக்கலில் இருந்த மொழிதான் என்பதால் இந்தக் கதை எனக்குப் பிடிக்கும்.

1984-ல் வந்த இ.ஜி.ஏ. கார்டு ஒரு படி மேலே போனது. தன்னை இயக்குவதற்கான சிறு நிரலைத் தன் மேலேயே ஒரு சிப்பில் சுமந்து வந்தது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸ் குறிப்பிட்ட நினைவக முகவரிகளில் 55, ஏ.ஏ. என்ற இரண்டு பைட்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்கும். இருந்தால் "இங்கே ஒரு கார்டு இருக்கிறது" என்று புரிந்துகொண்டு அதன் நிரலை ஓட விடும். திரைக் கார்டில் கோளாறு என்றால், திரை இல்லாமல் அதை எப்படிச் சொல்வது? அதற்காகத்தான் ஒலி. ஐ.பி.எம். வழக்கப்படி ஒரு நீளமான பீப், இரண்டு குட்டி பீப் என்றால் திரைக் கார்டைப் பார் என்று அர்த்தம்.

மற்ற கார்டுகளின் பாடு இன்னும் மோசம். சவுண்டு கார்டு, நெட்வொர்க் கார்டு எல்லாவற்றிலும் ஜம்பர் என்ற பொடிக் கவசங்களை இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். குறுக்கீட்டுக் கம்பிகள் மொத்தமே 16. இரண்டு கார்டுகள் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டால் சண்டைதான்.

இதற்கு விடிவு 1992-ல் இன்டெல் கொண்டுவந்த பி.சி.ஐ. முறையில் பிறந்தது. ஒவ்வொரு கார்டுக்கும் ஜாதகம் மாதிரி 256 பைட் குறிப்பு. அதன் தொடக்கத்திலேயே தயாரிப்பாளர் எண், சாதன எண். இன்டெல்லின் எண் 8086. தன் புகழ்பெற்ற பிராசஸரின் பெயரையே வைத்துக்கொண்டது. என்விடியாவின் எண் 10டிஈ. ஏ.டி.ஐ.யின் எண் 1002. கம்ப்யூட்டர் ஒவ்வொரு இடமாக "யார் அங்கே?" என்று கேட்டுக்கொண்டே போகும். கார்டு இருந்தால் எண்ணைச் சொல்லும். இல்லையென்றால் நான்கு எஃப் எழுத்துகள்தான் பதில்.

1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, "செருகு, ஓட்டு" என்ற பொருளில் பிளக் அண்ட் பிளே என்று விளம்பரம் செய்தது. அனுபவப்பட்டவர்கள் அதை "செருகு, சாமியை வேண்டிக்கொள்" என்று கிண்டல் செய்தார்கள். 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் நிற்கும்போதே, விண்டோஸ் 98-ஐ விளக்கியவர் ஒரு ஸ்கேனரைச் செருக, திரை நீலமாகி நின்றுவிட்டது. அரங்கமே சிரித்தது.

பிறகு 1997-ல் ஏ.ஜி.பி. கார்டுகள், 2004-ல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டுகள் வந்தன. எண் சொல்லும் முறை மாறவில்லை. மின்சாரப் பசிதான் கூடியது. இன்றைய நீள ஸ்லாட் 75 வாட் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் செருக வேண்டும். 6 பின் வயர் இன்னொரு 75, 8 பின் வயர் 150 வாட்.

இந்தக் கதையிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? "தெரியவில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று, கார்டு பதிலே சொல்லவில்லை. மற்றொன்று, பதில் சொல்கிறது, ஆனால் விண்டோஸிடம் அதனுடன் பேசும் டிரைவர் இல்லை. எது என்று பிரித்தறிய வழி எளிது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதியைத் திறந்து, ஒவ்வொரு வரியின் பிராப்பர்ட்டீஸிலும் டீடெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். கார்டின் தயாரிப்பாளர் எண் இருந்தால் கார்டு உயிரோடுதான் இருக்கிறது, டிரைவரைக் கவனியுங்கள். எண் எங்குமே இல்லையென்றால், கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, கார்டு கடைசிவரை அமர்ந்திருக்கிறதா, தனி வயர் செருகியிருக்கிறதா, ஸ்லாட்டில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டர் வயரை மதர்போர்டில் செருகிவிட்டு "கார்டு வேலை செய்யவில்லை" என்பவர்களும் உண்டு.

போன முகூர்த்த சீசனில் எங்கள் தெரு போட்டோகிராபர் ஒருவருக்கு இது உதவியது. கல்யாண ஆல்பம் டிசைன் செய்துதான் குடும்பம் நடக்கிறது. விண்டோஸை மாற்றிப் போட்டதிலிருந்து படம் நகரவே மாட்டேன் என்றது. கடையில் கார்டு செத்துவிட்டது, புதிதாக வாங்குங்கள் என்றார்களாம். கடன் வாங்கக் கிளம்பியவரை நிறுத்தி, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். பெயர் இருந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர். ஹார்டுவேர் ஐடியில் மட்டும் 10டிஈ என்று பளிச்சென்று இருந்தது. கார்டு தன் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சரியான டிரைவரை இறக்கிப் போட்டதும் அன்று இரவே ஆல்பம் அச்சுக்குப் போனது.

எல்லாக் கார்டும் இப்படிப் பிழைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். வேறொரு கம்ப்யூட்டரில் போட்டும் எண் சொல்லாத கார்டு உண்மையிலேயே போய்விட்டது என்று கொள்ளலாம். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு முன்னால் ஒருமுறை "யார் அங்கே?" என்று கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம் போதும், காசு செலவில்லை.