விளியும் அரிவாள்மணையும்

விளி என்றால் நமக்கு அழைப்பு. மராட்டியருக்கோ அது நம் அரிவாள்மணை. மணையில் ஊன்றிய இரும்பலகு அசையாதிருக்க, காயே அதனிடம் செல்லும். தேங்காய்த் துருவியும் இரண்டிற்கும் பொது.

இத்தகைய அன்றாடக் கருவிகளுக்கும் வரலாறு உண்டென உணர்ந்தவர் புனேயில் வாழ்ந்த தினகர் கேல்கர் (1896–1990). 1920-ஆம் ஆண்டளவில் அவர் திரட்டத் தொடங்கிய தொகுப்பின் பாக்குவெட்டிகளும் அடுக்களைப் பொருள்களும், இளமையில் மறைந்த மைந்தன் ராஜாவின் பெயர் தாங்கிய காட்சிச்சாலையில் உள்ளன.

நம் இல்லங்களிலோ, நின்று சமைக்கும் மேடை வந்தபின் அரிவாள்மணை பரணேறியது. முன்னோர் ரயிலேற்றிக் கொணர்ந்தவற்றுள் பல, பழைய இரும்பாக எடைக்குப் போயின. எஞ்சியவற்றைப் புளியிட்டுத் துருவகற்றி, சாணை பிடித்து, ஈரமறத் துடைத்து வைத்தால் அவை மீண்டும் உழைக்கும். வாழைப்பூ அரிய அதற்கு நிகரான கத்தியை நாம் இன்னும் கண்டிலோம்.